இரண்டாம் வகுப்பில்தான் முதல் நாள்

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை, வகுப்பறையில் போய் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அப்போது அது இரண்டாம் வகுப்பு! கடம்பத்தூர் பக்கம் இந்த வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

ஆன்லைன் வகுப்பு நடந்ததே என்பார்கள். பல வீடுகளில் ஒரே செல்போன்; அதுவும் அத்தாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். கல்வி தொலைக்காட்சி பாடம் நடத்தியது. பிள்ளைக்குப் புரிந்ததா என்று அது கேட்க முடியுமா? தேர்வில்லாமலே எல்லோரும் தேர்ச்சி என்றதால், விட்டுப்போன படிப்பு கண்ணில் படவே இல்லை.

நம் மக்தபை நினைத்துப் பாருங்கள். உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் ஓதச் சொல்லிக் கேட்பார். சபக் சரியாக வராமல் அடுத்த பாடம் கிடையாது. மக்தபும் கொரோனாவில் பூட்டித்தான் கிடந்தது. ஆனால் திறந்ததும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து ஓதலாம். பள்ளிக்கூடமோ வயதைப் பார்த்து மேலே ஏற்றிவிட்டது.

2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. வகுப்பைப் பாராமல், பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இதுதான் தேவை. ஆனால் தொடக்கத்தில் அது மூன்றாம் வகுப்பு வரைதான்.

அதற்கு மேலே படிக்கும் அண்ணன், அக்காமாரை மஃரிபுக்குப் பிறகு உட்கார வைத்துத் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஏச வேண்டாம். எந்த வகுப்புப் புத்தகம் தடுமாறாமல் வருகிறதோ, அங்கிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.