உள்ளங்கால் மருவும் அதன் மருத்துவமும்

உள்ளங்காலில் கெட்டியாகத் தோன்றி வலி தரும் தடிப்புகள் அனைத்தையும் 'கால் ஆணி' என்றே கூறுவது வழக்கம். ஆயினும் அவற்றுள் இரு வகைகள் உண்டு. ஓரிடத்தில் ஓயாது அழுத்தம் ஏற்படுவதால் தோல் தடித்து உண்டாவது ஆணி. வைரஸினால் உண்டாவது மரு. பாக்டீரியாக்கள் புகவியலாத வடிகட்டியில் வடித்தெடுத்த மருச்சாறும் மருவைத் தோற்றுவிக்கும் என்பதை இத்தாலிய மருத்துவர் சியூபோ 1907-ஆம் ஆண்டில் காட்டினார்.

ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவோ இருபுறமும் பற்றி அழுத்தும்போது மிகுதியாக வலிக்கும். பாதத்தின் ரேகைகள் ஆணியின் மேல் தொடர்ந்து செல்லும். மருவை அடைந்ததும் விலகிவிடும். மருவினுள் காணும் கரும்புள்ளிகள் வேர்கள் அல்ல. இரத்தம் உறைந்த நுண்குழாய்களே. மருவுக்கு வேர் கிடையாது. ஆகவே 'வேரோடு களைவதாக' எண்ணிப் பிளேடினால் அறுப்பது புண்ணையும் தொற்றையுமே விளைவிக்கும்.

வழக்கமான மருந்து சாலிசிலிக் அமிலம். பாதத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, நுரைக்கல்லால் மேல்தோலை மெல்லத் தேய்த்தல் வேண்டும். சுற்றியுள்ள தோலில் வாசலைன் தடவிக் காத்து, மருவின்மீது மட்டும் மருந்தை இடுதல் வேண்டும். இவ்வாறு நாள்தோறும் 12 வாரங்கள் வரை தொடரலாம். மற்றொரு முறை, −196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் மருத்துவர் மருவை உறையச் செய்வது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 240 பேரிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. 12 வாரங்களின் முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 14 பேருக்கே மரு முற்றிலும் மறைந்திருந்தது. ஆதலின் செலவு மிக்க முறையே சிறந்ததென எண்ண வேண்டியதில்லை, பொறுமையே இன்றியமையாதது. குழந்தைகள் பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் மரு தானாகவே மறைவதும் உண்டு.

வலி நின்றவுடன் மருந்தை நிறுத்துவது மரு மீண்டும் தோன்றுவதற்கு ஒரு காரணமாகும். வைரஸ் சுற்றியுள்ள தோலிலும் தங்கியிருக்கக் கூடும். மரு இருந்த இடத்தில் பாத ரேகைகள் மீண்டும் தெளிவாகத் தோன்றிய பின்னரே மருந்தை நிறுத்துதல் நன்று. மருவைத் தேய்த்த கல்லை வேறிடத்திலோ பிறரோ பயன்படுத்தலாகாது. பொதுக் குளியலறைகளில் காலணி அணிதல், பாதங்களை ஈரமின்றித் துடைத்தல், துண்டையும் காலுறையையும் பிறருடன் பகிராமை ஆகியவை தொற்றைக் குறைக்கும்.

நீரிழிவு நோயாளிகளும், காலில் உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ குறைந்தவர்களும் இவ்வமிலத்தைத் தாமாக இடலாகாது. அவர்களுக்கு ஏற்படும் சிறு புண்ணும் ஆறாமல் பெருகிக் காலையே இழக்கச் செய்யலாம். அன்னார் முதலிலேயே மருத்துவரை நாடுதல் வேண்டும்.