யோசிக்கவும் நேரம் குறித்துக்கொண்ட விண்கலம்

தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு, அது வேகிற நேரத்தில் வெங்காயம் நறுக்குகிறோம். கை ஒன்றைச் செய்ய, மனசு அடுத்ததைக் கணக்குப் போடுகிறது. கணினிக்கு இது சுலபமாக வரவில்லை. 1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் உருவான ஷேக்கி என்ற ரோபோ, ஒரு பெட்டியைத் தள்ள வேண்டுமென்றாலும் நின்று, திட்டம் போட்டுவிட்டுத்தான் நகரும். அந்த அறையில் வேறெதுவும் பெரிதாக அசையாததால் பிழைத்தது.

விண்வெளியில் அப்படி நிற்க முடியாது. 1998 அக்டோபர் 24 அன்று நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 கலத்தை, மறு ஆண்டு மே மாதம் ‘ரிமோட் ஏஜென்ட்’ என்ற மென்பொருளிடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். கலம் அப்போது ஏறக்குறைய 10 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேரவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும்.

மென்பொருளுக்குள் மூன்று பேர் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திட்டம் போடுவார், இன்னொருவர் அதை நடத்துவார். மூன்றாமவர் கருவிகளின் நாடி பார்ப்பவர். அவருக்கு வைத்த பெயர் லிவிங்ஸ்டன். ஆப்பிரிக்காவில் சுற்றித் திரிந்த, அதே பெயருடைய ஆய்வாளரும் மருத்துவர்தானே!

இதில் திட்டக்காரர்தான் மெதுவானவர். கலத்தின் சிறிய கணினியில் ஒரு திட்டம் தயாராக மணிக்கணக்கில் ஆகும். அதுவரை கலம் சும்மா கிடக்கலாமா? ‘அடுத்த திட்டத்தை யோசி’ என்பதையே நடப்புத் திட்டத்தில் ஒரு வேலையாக எழுதி வைத்தார்கள். எஞ்சினை இயக்கு, படமெடு என்பவற்றோடு அதுவும் ஒரு வரி. பழைய திட்டம் ஓடி முடிவதற்குள் புதியது கையில் இருக்கும். என் கணிப்பில் இந்த ஒற்றை வரிதான் மொத்த வடிவமைப்பின் உயிர்.

சிக்கலும் இப்படிப் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதிலிருந்துதான் வந்தது. மே 18 அன்று, அணைந்திருக்க வேண்டிய அயனி எஞ்சின் அணையவில்லை. பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறோம், வரவில்லை. திரும்பிப் பெஞ்சில் உட்காருகிற அந்த நொடியில் பஸ் வந்து போய்விடுகிறது. நாம் காத்துக்கொண்டே இருக்கிறோம். மென்பொருளின் ஒரு பகுதிக்கு நடந்ததும் இதுதான். பார்ப்பதற்கும் காத்திருக்கத் தொடங்குவதற்கும் நடுவே யாரும் புகாதபடி போட வேண்டிய பூட்டு ஓரிடத்தில் விடுபட்டிருந்தது. தரையில் நடந்த சோதனைகளில் இது தலைகாட்டவே இல்லை. அதைவிட வேடிக்கை, இதே வகைப் பிழையை மென்பொருளின் வேறொரு பகுதியில் 1997லேயே கணித முறையில் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள்.

காரணம் தெரிந்த பிறகும் பிழையைத் திருத்தவில்லை. பறக்கிற கலத்தில் புது நிரலை ஏற்றுவது அதைவிட ஆபத்து. அந்த நொடி மறுபடி அப்படியே அமைவதும் அரிது என்று துணிந்தார்கள். மே 21 அன்று ஆறு மணி நேரச் சோதனை தொடங்கியது. வேண்டுமென்றே பொய்க் கோளாறுகளைக் கொடுத்தார்கள். முடங்கிய மின்னணுப் பெட்டியை ரிமோட் ஏஜென்ட் மறுபடி இயக்கியது. பொய் சொன்ன உணரியைக் காதில் வாங்கவில்லை. சிறு உந்தி ஒன்று திறக்காதபோது, அது இல்லாமலே கலத்தைத் திருப்பும் முறைக்கு மாறிக்கொண்டது.