59.94 என்னும் எண்ணின் பிறப்பு

கொடைக்கானல் மேல்மலையின் கவுஞ்சியில் ஒரு கணினியை வாங்கி வைத்தாலும், அதன் திரை அமைப்புப் பட்டியலில் 60 ஹெர்ட்ஸை அடுத்து 59.94 என்ற எண்ணும் காணப்படுவதுண்டு. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை என்பதன் அளவு; இங்கே அது, திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைக் குறிக்கும்.

இந்தப் பின்னம் 1953-இல் அமெரிக்கா ஏற்ற வண்ணத் தொலைக்காட்சி முறையில் பிறந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் பயன்பட வேண்டியிருந்ததால், புதிதாகச் சேர்த்த நிற அலை ஒலி அலையோடு கலந்து படத்தில் புள்ளிக்கோலம் விழாதிருக்க, பொறியாளர்கள் ஒலி அலையைத் தொடாமல், நொடிக்கு 60 அரைப்படங்கள் (ஒரு படத்தை ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரித்த பாதிகள்) என்ற வேகத்தையே 1.001-ஆல் வகுத்து 59.94 ஆகக் குறைத்தனர்.

இந்தியாவில் 1982-இல் வந்த வண்ண ஒளிபரப்பு பி.ஏ.எல். முறையைச் சார்ந்தது. அதில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய 50 அரைப்படங்கள் என்ற முழு எண் அப்படியே நிற்க, சிக்கலை நிற அலையே ஏற்று 4.43361875 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. இரண்டில் இதுவே நேர்த்தியான தீர்வு. கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரம் தென்மாவட்டங்களுக்கு அனுப்பிய வண்ணப் படங்களும் அந்த 50-இலேயே ஓடின. எனினும், உயர்தெளிவுத் தொலைக்காட்சித் தரங்கள் 60, 59.94 இரண்டையும் ஏற்றுக்கொண்டு, தொலைக்காட்சியும் கணினியும் ஒரே இணைப்பு வடத்தைப் பகிரத் தொடங்கியதால், அமெரிக்கப் பின்னம் உலகெங்கும் கணினித் திரைகளில் குடியேறியது.