ரவை மேல் ஓடும் வண்டி

அகலமான பாத்திரம் ஒன்றில் நான்கு விரல் உயரத்துக்கு ரவையைக் கொட்டுங்கள். கரண்டிக் காம்பை நட்டுக்குத்தலாக வைத்து அழுத்தினால் அடிவரை இறங்கும். அதே கரண்டியைப் படுக்கவைத்து அதே அழுத்து அழுத்துங்கள். லேசாகப் பதிந்து நின்றுவிடும். பாலைவன மணலில் வண்டி ஓட்டுவதில் முக்கால் பாடம் இதுதான். மிச்சக் கால் பாடமும் இந்த ரவையில்தான் இருக்கிறது, உடனே டப்பாவில் கொட்டிவிடாதீர்கள்.

துபாயிலிருந்து ஹத்தா போகும் வழியில் அல் பதாயர் பக்கம் இரும்பு ஆக்சைடால் சிவந்த மணல் மேடுகள் உண்டு. பெரிய மேட்டுக்கு 'பிக் ரெட்' என்று பெயர். குளிர்காலச் சனிக்கிழமைகளில் நண்பர்கள் குடும்பத்தோடு நாலைந்து வண்டிகளில் கிளம்பி வருவார்கள். எங்கள் வண்டியை ஓட்டுவது மனைவி. டயரில் காற்றை இறக்குவது என் இலாகா. தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் முதல் வேலை அதுதான்.

சாலையில் டயருக்குள் 35 பிஎஸ்ஐ இருக்கும். அதாவது தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 2.5 கிலோ எடை இறங்குகிறது. ஆட்கள், தண்ணீர் கேன், பிரியாணிப் பாத்திரம் எல்லாம் சேர்த்து வண்டி 2,400 கிலோ என்று வையுங்கள். ஒரு டயர் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய 240 சதுர சென்டிமீட்டர்தான். இது நட்டுக்குத்தலாக நிற்கும் காம்பு. காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பரப்பு இருமடங்கைத் தாண்டிவிடும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்கே. பதிவு அகலத்தில் அதிகம் கூடாது, நீளவாக்கில்தான் நீளும். கரண்டி படுத்துவிட்டது. ஷோரூமில் குதிரைத்திறனை விசாரிப்பவர்கள் காற்றுமானியை விசாரித்து நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. காற்று குறைந்த டயர் ரிம்மை இறுக்கிப் பிடிக்காது. வேகமாக ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். அதனால் மணலில் வளைவுகள் பெரிதாக, நிதானமாக இருக்க வேண்டும்.

இப்போது காம்பை ரவையில் லேசாகக் குத்தி, நின்ற இடத்திலேயே சுழற்றுங்கள். குழி பறித்துக்கொண்டு தானாகவே கீழே போகும். மணலில் நின்றுபோன வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் நடப்பதும் இதுவே. ஃபோர் வீல் டிரைவ் என்ற தைரியம் இங்கே கெடுதல். நான்கு சக்கரமும் சேர்ந்து தோண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படி மிதித்துக்கொண்டே இருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்து அவர் மனைவி சொன்னார்: "ஏங்க, காலை எடுங்க. வண்டி முன்னால போகல, கீழ போகுது." வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் எடை முழுக்க அதன்மேல் போய்விடும், சக்கரம் சும்மா சுற்றும். பிறகு மண்வெட்டிதான். சக்கரங்களைச் சுற்றியும் வயிற்றுக்கு அடியிலும் மணலை வாரி, காற்றை இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்கி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுப்பது நல்லது. அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும். கயிறு கட்டி இழுப்பதானால் சேஸிஸில் அதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும் கட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் குமிழில் கட்டினால், அது பிய்த்துக்கொண்டு பறந்து ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

அடுத்து, ரவையை ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருங்கள். குவியல் ஓரளவு செங்குத்தாகும். அதற்குமேல் கொட்டுவதெல்லாம் சரிந்து ஓடும். உலர்ந்த மணலுக்கு இந்தச் சாய்வு 30 முதல் 34 டிகிரி. மேட்டில் காற்று வீசும் பக்கம் இறுகி, சரிவு குறைவாக இருக்கும். உச்சியைத் தாண்டி விழுந்த மணல் மறுபக்கத்தில் அந்த எல்லைக் கோணத்திலேயே நிற்கும், தொட்டால் சரியும். உச்சிவரை வேகமாகப் போய்ப் பாய்வது சினிமாவுக்கு. உண்மையில் உச்சிக்குச் சற்று முன்பே வேகத்தைக் குறைத்து, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டே இறங்குவோம். அதுவும் மூக்கு நேராகக் கீழே பார்க்க, பிரேக்கை அழுத்தாமல், தாழ்ந்த கியரில். நேராக இறங்கினால் மணல் இருபுறமும் சமமாகச் சரிந்து வண்டியோடு கூடவே வரும். குறுக்காக இறங்கினால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் புதையும், மேல்பக்கம் எழும்பும், வண்டி உருண்டுவிடும். பின்பக்கம் ஒதுங்குவதாகத் தெரிந்தால் ஸ்டியரிங்கைச் சரிவை நோக்கித் திருப்பி லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும். பயம் பிரேக்கைத்தான் மிதிக்கச் சொல்லும்.

கடைசியாக ரவையில் தண்ணீர் தெளித்துப் பிசிறுங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்கும். குளிர்காலப் பனி இறங்கிய காலை மணலும் அப்படித்தான் கெட்டியாக இருக்கும். காலையில் சுலபமாக ஏறிய மேட்டில் மதியம் புதைந்தால், ஓட்டியவரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

திரும்பும்போது தார்ச்சாலையைத் தொடுவதற்கு முன் காற்றை மறுபடி ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கலாம். எல்லா வண்டிக்கும் சேர்த்துக் கம்ப்ரஸர் ஒன்றுதான் என்றால் இந்த வேலை நெடுநேரம் இழுக்கும். கூட்டத்தில் பொறுமை குறைந்தவரின் வண்டியிலிருந்து ஆரம்பியுங்கள்.