புகையடுப்பு வாங்கும் முன்: இரும்பின் கனமும் வாரண்டியின் வரிகளும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், லாக்ஹார்ட் என்ற சிற்றூர். அங்கே 1932 முதல் இயங்கும் பிளாக்ஸ் உணவகத்தைத் தேடிப் பல ஊர்க்காரர்கள் காரோட்டி வருகிறார்கள். பக்கத்து ஆஸ்டின் நகரில் ஆரன் ஃபிராங்க்ளின் நடத்தும் கடையில் மணிக்கணக்கில் வரிசை நிற்கிறது. எல்லாம் பிரிஸ்கெட்டுக்காக. விறகுப் புகையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிதானமாக வெந்த மாட்டு நெஞ்சுக்கறி அது. அதையே வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் ஸ்மோக்கர் எனும் மெல்லிய தகட்டுப் புகையடுப்பில் தொடங்குகிறார்கள். சில கோடைகளில் நெருப்புப் பெட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டையாகிறது. கதவு கோணிக்கொண்டு மூட மறுக்கிறது. அடுத்த முறையாவது உறுதியானதாக வாங்குவோம் என்று ஆயிரம் டாலருக்கு மேல் செலவழிக்கத் துணிகிறார்கள்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்க வேண்டும், அந்த அடுப்பு என்ன ஆபத்தைக் கூடவே கொண்டுவரும், ஏமாந்தால் சட்டம் எப்படிக் கைகொடுக்கும் என்பவை கடைக்காரர் தாமாகச் சொல்லாத விஷயங்கள்.

இரும்பிலிருந்தே தொடங்கலாம். டெக்சஸ் பாணி ஸ்மோக்கரில் நெருப்புப் பெட்டி ஒரு பக்கம், கறி வைக்கும் நீள அறை நடுவில், புகைபோக்கி மறு பக்கம். அறை 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் நிலையாக நிற்க வேண்டும். ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கால் அங்குலத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தகடு 12 கிலோதான். கனத்த தோசைக்கல் சூட்டைப் பிடித்து வைப்பதுபோலவே கனத்த தகடும் பிடித்து வைக்கும். மெல்லிய தகட்டில் காற்றடித்தால் சூடு இறங்கும், விறகு போட்டால் எகிறும். சூட்டைக் குறைக்கக் காற்றுத் துளையை அடைத்தால் விறகு எரியாமல் புகைந்து, கறியில் கசப்பு ஏறும்.

இது ருசியோடு முடிகிற விஷயமும் இல்லை. 4 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்றும், உணவு அந்த நிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது என்றும் அமெரிக்க வேளாண் துறை எச்சரிக்கிறது. கோழிக்கறியின் உட்பகுதி 74 டிகிரியையும், கொத்துக்கறி 71 டிகிரியையும் தொட வேண்டும். மூடியில் பதித்த வெப்பமானி மூடிக்கு அருகே உள்ள சூட்டைத்தான் காட்டும். கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானியைத் தனியாக வாங்குவது கட்டாயம்.

கடையில் அடுப்பின் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடையைப் படிக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு ஸ்மோக்கர்களின் எடையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் தகட்டில்தான் இருக்கும். கதவை மூடிவிட்டு உள்ளே டார்ச் அடித்தால், வெளிச்சம் கசியும் இடத்திலெல்லாம் புகையும் கசியும். வெல்டிங் இடைவெளியில்லாமல் ஓடுகிறதா, புள்ளி புள்ளியாக நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். கால்களைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

காசை மிச்சம் பிடிக்கப் பழைய இரும்புப் பீப்பாயில் தானே அடுப்பு செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீப்பாயின் உட்பூச்சை முழுதாக எரித்து நீக்காமல் அதில் சமைக்கக்கூடாது. துத்தநாகம் பூசிய இரும்பைக் கட்டோடு தவிர்ப்பது நல்லது. அதை வெல்டிங் செய்யும்போது கிளம்பும் புகை குளிர்காய்ச்சல் போன்ற நோயைக் கொண்டுவரும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சஸைப் பனிப்புயல் தாக்கி லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனபோது, குளிர் தாங்காத குடும்பங்கள் கரி அடுப்பை வீட்டுக்குள் பற்றவைத்தன. சிலர் மூடிய கார் ஷெட்டில் வண்டியை ஓடவிட்டனர். அந்த ஒரு வாரத்தில் இந்த வாயு தாக்கி 1,400 பேருக்கு மேல் மருத்துவமனைகளை நாடினார்கள். குறைந்தது 11 பேர் இறந்தார்கள். கரிப் பையின் மீது எச்சரிக்கைப் படம் அச்சிட வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். அந்தப் பைகளிலும் அது இருந்திருக்கும். நல்ல ஸ்மோக்கர் வாங்கியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கனத்த இரும்புக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடு இருக்கும். சாப்பாடு முடிந்ததும் மழைக்குப் பயந்து அதை கார் ஷெட்டுக்குள் தள்ளுவது உயிரோடு விளையாடுவது.

தீ விபத்தும் சிறிய விஷயமில்லை. கொல்லை அடுப்புகளால் அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுத் தீ விபத்துகள் நடக்கின்றன. ஜூலையில்தான் அவை அதிகம். பல நகரங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீத்தடுப்பு விதிப்படி, அடுக்குமாடிக் குடியிருப்பில் மர பால்கனியிலோ, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளோ கரி அடுப்பு மூட்டக்கூடாது. தனி வீட்டுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. ஆனால் மரத்துக்கு அந்த விலக்கு தெரியாது. தனி வீட்டிலும் 10 அடி தள்ளியே வைப்பதுதான் பாதுகாப்பு.

இனி வாரண்டி. வாங்குகிறவருக்கு இதில் உள்ள உரிமைகள் பலருக்கும் தெரிவதில்லை. 1975இல் வந்த மேக்னஸன்–மாஸ் வாரண்டிச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிப்படி, 15 டாலருக்கு மேல் விலையுள்ள பொருளின் எழுத்து வாரண்டியை, பணம் கட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளர் படிக்கக் கடைக்காரர் வழிசெய்ய வேண்டும். தயங்காமல் கேட்டு வாங்கிப் படிக்கலாம். துருவுக்கும் வாரண்டி உண்டா, நெருப்புப் பெட்டிக்கு எத்தனை ஆண்டு, அனுப்பும் செலவு யாருடையது என்ற மூன்றையும் பார்த்தால் பாதி கதை புரிந்துவிடும். "வாழ்நாள் வாரண்டி" என்று முகப்பில் போட்டுவிட்டு, உள்ளே வண்ணப்பூச்சு, துரு, அடைப்புப் பட்டை எல்லாவற்றையும் விலக்கிவைத்தால் மிஞ்சுவது வெறுங்காகிதம்.

"எங்கள் உதிரிபாகத்தைத்தான் போட வேண்டும், இல்லையேல் வாரண்டி ரத்து" என்று மிரட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. அந்தப் பாகத்தை இலவசமாகத் தராமலும், மத்திய வர்த்தக ஆணையத்தின் விலக்கு பெறாமலும் எந்த நிறுவனமும் அப்படி நிபந்தனை போட முடியாது. 1952இல் ஜார்ஜ் ஸ்டீஃபன் வடிவமைத்த உருண்டை அடுப்பால் உலகெங்கும் பெயர் பெற்ற வெபர் நிறுவனமே இதில் சிக்கியது. வேறு நிறுவனப் பாகங்களைப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்று அது எழுதியிருந்ததை எதிர்த்து, 2022 ஜூலையில் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அந்த வாசகத்தை நீக்கவும், வேறு பாகம் போட்டாலும் வாரண்டி செல்லும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்கவும் வெபர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மரத்தூள் பெல்லட்டில் எரியும் ஸ்மோக்கருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வெளிப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் நிறுவனம் மறுக்கலாம்.

பயன்படுத்தியதை வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது. அது முதல் உரிமையாளரோடு நின்றுவிடும். அவர்கள் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் அந்த மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும். திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பது 2008 முதல் சட்டவிரோதம். அடுப்பால் காயம்பட்டவர்களும் அதே ஆணையத்தில் இணையவழி புகார் பதியலாம்.

சொன்ன சரக்கு வராமல் வேறு வந்தால், கிரெடிட் கார்டில் வாங்கியவர் அந்தக் கட்டணம் முதலில் இடம்பெற்ற பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்குப் போய்ச்சேரும்படி எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். இதற்குத் தொலைபேசி அழைப்பு மட்டும் போதாது. தடிமனைப் பொய்யாகச் சொல்லி விற்றிருந்தால், டெக்சஸில் ஏமாற்று வணிகத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வழக்குக்கு 60 நாள் முன்பே விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தெரிந்தே ஏமாற்றியது நிரூபணமானால் இழப்பின் மூன்று மடங்கு வரை கேட்கலாம். 20,000 டாலர் வரையிலான வழக்குகளை உள்ளூர் ஜஸ்டிஸ் கோர்ட்டே விசாரிக்கும். வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

இதற்கெல்லாம் சான்று வேண்டும். ஹூஸ்டன், டாலஸ் புறநகர்களில் வீடு வாங்கி முதல் ஸ்மோக்கரைத் தேடும் தமிழ்க் குடும்பங்களும் சரி, மற்றவர்களும் சரி, விளம்பரப் பக்கத்தையும் பெட்டியில் அச்சான எடையையும் வாரண்டித் தாளையும் ரசீதையும் வாங்கிய அன்றே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.