மூர்த்தம் இல்லாத மலைக்கோயில்

திண்டுக்கல்லில் வங்கி அதிகாரியாக நான் பணியாற்றிய நாட்களில், மதுரையிலிருந்து வந்து தங்கும் என் தாயார் மலைக்கோட்டையைச் சுட்டிக்காட்டி, "அபிராமி அம்மன் இருந்த இடமாமே, ஒரு நாள் அழைத்துப் போயேன்" என்பார். அரையாண்டுக் கணக்கு முடியட்டும், தணிக்கை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தணிக்கை முடிவதற்குள் அம்மாவின் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, அறுபத்தாறாம் வயதில், சென்ற மாசியில் தனியே ஏறினேன்.

மதுரையிலிருந்து சுமார் 65 கி.மீ. தொலைவு. திண்டு போன்ற கல் என்பதால் திண்டுக்கல். பத்மகிரி என்றும் இம்மலைக்குத் திருநாமம் உண்டு. 1605இல் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர் எழுப்பிய கோட்டை இது. 1755இல் ஹைதர் அலி இங்கே பொறுப்பேற்றார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது.

பாறையிலேயே செதுக்கிய படிகள். நிழல் என்பது அருமை. நம் வயதினர் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது, தண்ணீர் அவசியம். நான் நான்கு இடங்களில் அமர்ந்தேன். என்னைக் கடந்து ஓடிய பள்ளிப் பிள்ளைகள், "தாத்தா, இன்னும் கொஞ்சந்தான்" என்று மூன்று முறை பொய் சொன்னார்கள்!

மதில்களையும் ஆயுதக் கிடங்கையும் கண்டுகொண்டே உச்சியை அடைந்தேன். ஒருபுறம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர். ஆனால் என் கண்கள் தேடியது கோயிலைத்தான். தூண்களில் சிற்பங்கள் இருக்கின்றன, கருவறை இருக்கிறது, உள்ளே மூர்த்தம் இல்லை. விளக்கில்லை, மணியோசை இல்லை. காற்று மட்டுமே வந்து போகிறது. கைகள் தாமாகக் குவிந்தன. யாரை நோக்கி என்று கேட்டால், அந்த நேரத்தில் அம்மாவைத்தான் நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

மலையிலிருந்து இறக்கப்பெற்ற பத்மகிரீஸ்வரரும் அபிராமி அம்பிகையும் நகரிலுள்ள ஆலயத்தில், காளஹஸ்தீஸ்வரர், ஞானாம்பிகையுடன் அருள்பாலிக்கின்றனர். அம்மா வாரந்தோறும் வணங்கியது அந்தச் சன்னிதியில்தான். மலையேற இயலாதவர்கள் இங்கேயே அம்பாளைத் தரிசிக்கலாம். அன்று மாலை நானும் அங்கே சென்று நின்றேன். அர்ச்சகர் தந்த மல்லிகைச் சரத்தை வாடாமல் இலையில் பொதிந்து மதுரைக்குக் கொண்டுவந்து, இரவு அம்மாவின் படத்திற்குச் சாத்தினேன்.