கீழ்த்தளமும் லயத்து அறையும்

பம்பாயில் கப்பல் கட்டுநர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் கைவண்ணத்தில், மலபார்த் தேக்கால் உருவாகி 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று இன்றும் மிதக்கிறது. 1782இல் திருகோணமலைக் கடலில் நடந்த போரின் நினைவாக அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் 1990இல் தொடங்கிய அதன் சீரமைப்பு 2001இல்தான் முடிந்தது. பீரங்கிகளும் பாய்மரங்களும் கண்ணைக் கவரும். ஆனால் அந்தக் கப்பலில் கட்டாயம் பார்க்கவேண்டிய இடம், மாலுமிகள் உண்டு உறங்கிய கீழ்த்தளம்தான் என்பேன்.

அக்காலப் பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு மாலுமியின் தொங்கு படுக்கைக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் மேல்தளத்தில் காவலுக்குப் போனால்தான் கைகால் நீட்ட இடம் கிடைக்கும். தாழ்ந்த உத்தரத்தின் கீழ் குனிந்து நிற்கும்போதுதான் இந்த எண்ணின் பொருள் உறைக்கிறது. ஆகவே குடியிருப்புத் தளத்தைச் சீரமைப்பவர்கள் பார்வையாளரின் வசதிக்காக அளவுகளில் கைவைக்கக் கூடாது. பழைய ஆணித்துளை, தடுப்புப் பலகை பொருந்தியிருந்த தடம், சாயத்தின் அடுக்குகள், இவையே அவர்களுக்குச் சாட்சி. உளுத்த பலகையை மாற்றிவிட்டால் அது பழைய கப்பலா என்று கேட்கலாம். மரக்கப்பல்கள் கடலில் ஓடிய நாளிலேயே பலகை மாற்றி மாற்றித்தான் ஓடின. தேக்கின் எண்ணெய்ப் பசை மரத்தை உளுக்காமல் காக்கும். ஓக் மரத்தைப் போல இரும்பு ஆணியையும் அரிக்காது. எஞ்சிய மரத்தைக் காப்பாற்றி, புதிதாகச் சேர்த்தது எது என்று வெளிப்படையாகக் காட்டினால் அதில் பொய்யில்லை.

இந்த நேர்மை மலேசியாவின் பேராக்கில் நமக்கு வேண்டியிருக்கிறது. பத்து காஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததும் பாதியில் நின்ற மாளிகைக்கு மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது தோட்டத் துரையின் வீடு. பால்மரம் வெட்டிய நம்மவர்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களோ, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாக மாற மாற இடிந்துபோயின. அடிமைப்பட்ட இடத்தை எதற்குக் காக்க வேண்டும் என்று கேட்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாளிகை மட்டும் நின்றால் தோட்டத்தின் வரலாறு துரையின் வரலாறாகவே நிற்கும். ஒரு லயத்தையாவது மீண்டும் கட்டி நிறுத்த வேண்டும். எந்தக் காலத்து லயத்தைக் கட்டுவது, அத்தாப்பு ஓலைக் கூரையா, தகரமா என்பது இன்னும் கடினமான கேள்வி. திருகோணமலைக் கப்பலும் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் இளைஞர்களின் பயிற்சிக் கப்பலாக இருந்தது. ஹார்ட்டில்பூலில் போர்க்கப்பல் தோற்றத்தையே தேர்ந்தெடுத்தார்கள். லயத்தில் அப்படி ஒரு காலத்தை மட்டுமே தேர்ந்தாக வேண்டிய நெருக்கடி நமக்கு இல்லை. ஒரே வரிசையில் ஓர் அறையை அத்தாப்போடும் அடுத்ததைத் தகரத்தோடும் வைக்கலாம். கப்பலுக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது. பலகையும் தச்சரும் கிடைப்பார்கள். கிடைக்காமல் போகக்கூடியவை அளவுகள்தான். லயத்தில் பிறந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அறையின் நீள அகலம், முன் நடையான அஞ்சடியின் அகலம், அடுப்பு இருந்த மூலை, பிள்ளைக்குத் தூளி கட்டிய உத்தரம் எல்லாவற்றையும் கேட்டு இந்த மாதமே வரைந்து வையுங்கள்.